கூட்டுத்தொகை எட்டு

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தரகர் வீட்டு முற்றம். முதலில் என் கண்ணில் பட்டது வண்டி அல்ல, அதன் நம்பர் பலகை. வண்டியின் பின்பக்கம் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த நான்கு எண்களைப் படிக்காமல் வேறெதையும் பார்க்க முடியாது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. அப்போதுதான் துடைத்திருந்த ஈரம்கூடக் காயவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை அது. என்னோடு வந்திருந்த என் மனைவியின் அண்ணன் வாசலிலேயே நின்று உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தார்.

"பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. வாங்க மாப்ள, வந்த வழியாப் போயிருவோம்."

நான் போகவில்லை. போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

எனக்கு அந்த வண்டி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். பிற்பகல் மூன்றுக்குப் போனால் திரும்பப் பதினொன்றாகும். என் மனைவி எழுமலையில் பள்ளி ஆசிரியை. அங்கேயே இன்னொரு ஆசிரியையோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மதுரைக்கு வந்து, திங்கட்கிழமை முதல் பேருந்தில் திரும்பிவிடுவாள். திருமணமாகி இரண்டு ஆண்டுகளில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களை ஞாயிற்றுக்கிழமைகளாக எண்ணிவிடலாம்.

உசிலம்பட்டியில் ஒரு வீடு பார்த்திருந்தோம். அங்கே குடியேறினால் காலையில் அவளை எழுமலைக்கு ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மதியம் நான் மதுரைக்குப் போகலாம், இரவு வீடு திரும்பலாம். பேருந்தை நம்பி இது நடக்காது. காலைப் பேருந்து பள்ளி மணி அடித்த பிறகுதான் எழுமலை போய்ச் சேரும். என் வேலை முடியும் நேரத்தில் உசிலம்பட்டிக்குப் பேருந்தே கிடையாது. புது ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காலம் வேறு. ஆகவே நல்ல நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வேண்டும். சாதாரண வண்டி போதாது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் நெடுந்தூரம் போக வேண்டும். நீளமான சீட்டும் இரண்டு சைலன்சரும் பெரிய எஞ்சினும் உள்ள வண்டி. மேலூர் முற்றத்தில் நின்றது அப்படிப்பட்டதுதான். மெரூன் நிறம். டேங்கில் என் முகம் தெரிந்தது. சந்தை விலையில் பாதிக்குச் சற்று மேலே கேட்டார்கள்.

அன்று காலை என் மனைவி மதுரை வீட்டில்தான் இருந்தாள். ஐந்தரை மணிக்கே குளித்துத் தயாராகி, "நானும் வாரேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் போய்ப் பார்த்து, பேசி முடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். நான் அந்த வழக்கத்தைப் பெரிதாக மதிப்பவன் இல்லை. ஆனாலும் சிரித்தேன்.

"சேலைக் கடைக்கா போறோம்?"

"சேலைன்னாக்கூட பிரிச்சுப் பாத்துத்தானே வாங்குறோம். பின்னாடி உக்காரப் போறது நான். ஒரு தடவ உக்காந்து பாக்க வேணாமா?"

அவள் அண்ணனும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டோம்.

தரகருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அவசரமே இல்லை. முன்பு மாட்டுத் தரகராக இருந்தவர் என்று பின்னால் தெரிந்தது. மாட்டுக்குச் சுழி பார்க்கிற சனம் வண்டிக்கு எண் பார்க்கும் என்பதை அவர் தொழிலில் கற்றிருக்க வேண்டும். மைத்துனர் எட்டு என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"அண்ணே கணக்கு கரெக்டு. நான் ஒளிக்கலையே. அதேன் வாசலுக்கு நேரா நிப்பாட்டியிருக்கேன். வண்டிச் சொந்தக்காரரு புது மாப்ள. மாமனார் வீட்டுல எட்டு ஆகாதுன்னு பொண்ணை வண்டில ஏத்த விட மாட்டேன்னுட்டாக. இல்லாட்டி இம்புட்டு நல்ல வண்டி இந்த விலைக்கு வருமா, நீங்களே சொல்லுங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "சாருக்கு எங்க வேலை?"

சொன்னேன்.

"பத்திரிகையா! அப்பச் சரி. இந்த வண்டி உங்களுக்காகத்தேன் காத்துக் கெடந்திருக்கு. படிச்சவுகளுக்கு எட்டாவது, ஒம்பதாவது. பயப்படுறதெல்லாம் எங்களை மாதிரி ஆளுகதேன்."

நான் எட்டுக்குப் பயப்படாதவன் என்பது உண்மை. எங்கள் நாளிதழின் ராசிபலன் பகுதியை அச்சுக்கு முன் சரிபார்ப்பவனே நான்தான். ஜோதிடரின் தாள் வந்து சேராத வாரங்களில், ஆறு மாதத்துக்கு முந்தைய சிம்மத்தின் பலனை எடுத்துக் கும்பத்துக்குப் போட்டிருக்கிறோம். ஒரு வாசகர்கூடக் குறை சொல்லி எழுதியதில்லை. பலன் அப்படியே பலித்தது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் தரகர் சொன்ன வார்த்தை என் உள்ளே எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தது.

அந்த முற்றத்தில் நாங்கள் ஐம்பது நிமிடம் இருந்தோம். அதில் நாற்பது நிமிடம் எட்டைப் பற்றியே பேசினோம். மைத்துனர் எட்டு சனியின் எண் என்றார். தனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களில் எட்டு செய்த வேலையைச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தரகர் நடுவராக இருந்து, ஒரு முறை அவர் பக்கமும் ஒரு முறை என் பக்கமும் தலையாட்டினார். எட்டாம் எண் பேருந்தில் யாரும் ஏறுவதில்லையா என்று நான் கேட்டபோது கைதட்டிச் சிரித்தவர் அவர்தான்.

ஓட்டிப் பார்த்தோம். முதலில் தரகர் தனியாகக் கண்மாய்க் கரை வரை போய் வந்தார். பிறகு நான் தனியாகப் போய் வந்தேன். எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது, பிரேக் பிடித்தது. மைத்துனரைப் பின்னால் ஏறச் சொன்னேன். தரகர் வந்து சீட்டின் மேல் கை வைத்தார்.

"டபுள்ஸ் வேணாம்ணே. பின் டயர்ல காத்துக் கம்மி. டியூப்பு போயிரும்."

பின் டயரை அழுத்திப் பார்த்தேன். கல் போல இருந்தது. பார்த்ததை வைத்துக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். அன்று நான் கேட்கவில்லை. எட்டை வென்ற மகிழ்ச்சியில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "டபுள்ஸ் போய்ப் பாத்தீங்களா?"

"வண்டி நல்லா இருக்கு" என்றேன்.

காகிதங்கள் மாற்றி, வியாழக்கிழமை வண்டி கைக்கு வந்தது. மைத்துனர் பரிகாரமாக ஹாண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார், அழகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் கருப்பசாமி சந்நிதியில் ஒரு பூசை போட வேண்டும் என்றார். நான் எலுமிச்சையை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் ஊருக்குள் தனியாக ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை பள்ளி அரை நாள், நான் விடுப்பு எடுத்திருந்தேன். அவளை அழைத்துக்கொண்டு உசிலம்பட்டி வீட்டைப் பார்த்துவிட்டு மதுரை வருவதாகத் திட்டம். ஒரு மணி இருபதுக்கு எழுமலையிலிருந்து கிளம்பினோம். இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். ஒரு கை என் தோளில் இருந்தது, மறு கையில் பை. பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தார்கள். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை. ரோட்டின் இரு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. "உசிலம்பட்டி வீட்டுல கொல்லைப் பக்கம் வெயில் வருமா?" என்று என் காதருகே கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை.

ஒரு சிறிய பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கினோம். வேகம் முப்பதுக்கு மேல் இல்லை. எனக்குக் கீழே இரும்பு முறிகிற சத்தம் ஒன்று கேட்டது, ஒன்றே ஒன்றுதான். சீட்டின் பின்பாதி உள்ளே இறங்கியது. மட்கார்டு டயரின் மேல் அழுந்திப் பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. தோளில் இருந்த கை இல்லை. நான் வண்டியோடு வலப்பக்கம் விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் ரோட்டின் நடுவில் கிடந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த பேருந்து பிரேக் அடித்து நிற்கும் சத்தம் நீண்டுகொண்டே போனது.

அதன் முன்சக்கரத்துக்கும் அவள் தலைக்கும் நடுவே இருந்த தூரத்தை நான் பிறகு அளந்தேன். என் பாத அளவில் மூன்றடி. மணி ஒன்று நாற்பது.

பயணிகள் இறங்கி அவளைத் தூக்கினார்கள். இடது முழங்கை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. சேலை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கிழிந்திருந்தது. ஒரு அம்மாள் தன் துண்டை எடுத்துச் சுற்றிவிட்டாள். அந்த அம்மாளின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நடத்துநர் விழுந்து கிடந்த வண்டியைச் சுற்றி வந்தவர், பலகையைப் பார்த்து நின்றார்.

"சார், எட்டு சார் இது. சனிக்கிழமையும் அதுவுமா."

பேருந்து முழுவதும் உச்சுக்கொட்டியது. எனக்குப் பின்னால் ஒருவர், "எமகண்டம் வேற" என்றார். அவள் கை வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் மாற்றி மாற்றி நாளும் நேரமும் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

உசிலம்பட்டியில் கட்டுப்போட்டு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு, ஒன்றரை மாதம் அசைக்கக் கூடாது என்றார்கள். எக்ஸ்ரே படம் பிடித்தவர் வண்டி என்ன நம்பர் என்று கேட்டார். அவள் அம்மா வந்தார். சுவரைப் பார்த்து, "எட்டுன்னு தெரிஞ்சே வாங்குன மனுசன்" என்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன். ஒருவேளை அவளும் அதையே சொல்வாளோ என்று பயந்தேன்.

"எட்டும் இல்ல, பத்தும் இல்ல" என்றாள். "உக்காந்து பாக்கணும்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."



திங்கட்கிழமை அலுவலகத்தில் என் மேசையில் வந்து கிடந்த செய்திகளில் ஒன்று எங்களைப் பற்றியது. உசிலம்பட்டிப் பகுதி நிருபர் அனுப்பியிருந்தார். ஆசிரியை காயம், கணவர் உயிர் தப்பினார், நான்கு வரி. கடைசி வரி: "வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு என்பது குறிப்பிடத்தக்கது." சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்தேன். தாள் கிழிந்தது. மீதியைக் குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாள் உசிலம்பட்டிக்குப் போனேன். வண்டியை ஒரு டிராக்டர் பட்டறையில் போட்டிருந்தார்கள். மெக்கானிக் என்னைவிட இளையவர், நெற்றியெல்லாம் கிரீஸ். சீட்டைக் கழற்றி வைத்திருந்தார். சீட்டுக்கு அடியில் வண்டியின் முதுகெலும்பு போல இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடும், அதுதான் பிரேம். இரண்டும் முறிந்திருந்தன.

"இங்க பாருங்க சார்." பெட்ரோலில் துணியை நனைத்து முறிந்த இடத்தைத் துடைத்தார். மெரூன் பெயின்ட் போனது. அதன் கீழ் சாம்பல் நிறத்தில், பள்ளம் மூடப் பூசுகிற பட்டி. அதைச் சுரண்டியதும் மஞ்சளாகப் பித்தளை. "இது இப்ப ஒடிஞ்சது இல்ல. முன்னாடியே ரெண்டா ஒடிஞ்சு போயிருக்கு. பித்தளைய உருக்கி ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சிருக்கான். தனி ஆளுக்குத் தாங்கும். பின்னாடி ஆளு ஏறுனா தாங்காது."

"ஒட்டினவனுக்கு அது தெரியுமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒட்டுனவனுக்கும் தெரியும், வித்தவனுக்கும் தெரியும். வாங்குனவருக்குத்தேன் தெரியல."

உடைந்து விழுந்த பட்டித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஈரமாக இருக்கும்போது யாரோ கட்டைவிரலால் அழுத்தி மெழுகியிருக்கிறார்கள். ரேகை அப்படியே பதிந்திருந்தது, பத்திரத்தில் வைத்த கைநாட்டு போல. அதை ஒரு தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலூருக்குப் பேருந்து ஏறினேன்.

வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். கல் போன்ற டயர். சீட்டின் மேல் வைத்த கை. வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்த நம்பர் பலகை. விலை ஏன் குறைவு என்று கேட்கிறவனுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்தக் காரணத்தை நம்புகிறவன் போய்விடுவான். நம்பாதவன் தன் அறிவை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டே வாங்கிப்போவான். சீட்டைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றாது.

தரகர் தன் வீட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தார், கூட நான்கு பேர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். கேள்விப்பட்டேன். வீட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

தாளைப் பிரித்து பெஞ்சில் வைத்தேன். பிரேம் முன்பே முறிந்தது, அது உங்களுக்குத் தெரியும் என்றேன். அவர் பட்டித் துண்டைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கப்பா. நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், எட்டு சார், எட்டு சார்னு. கூட வந்த மச்சானும் வேணாம்னாரு. இவருதேன் கேக்கல. அதுலயும் சனிக்கிழமை, எமகண்டத்துல, பொம்பளைய ஏத்திக்கிட்டுக் கெளம்பியிருக்காரு. அதுக்கு நான் என்னப்பா செய்வேன்?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "எட்டா? தெரிஞ்சா வாங்குனீக?" என்றார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் போல எதுவும் என்னைக் கோபப்படுத்தியதில்லை.

"டபுள்ஸ் ஓட்ட விடாமல் ஏன் தடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"டயர்ல காத்துக் கம்மின்னு சொன்னேன். காத்தடிச்சுட்டு வாரேன்னு நீங்க சொன்னீகளா? வந்ததுல இருந்து எட்டைப் பத்தித்தான பேசுனீக. பிரேமைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீகளா சார்?"

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊருக்கு அதுதான் செய்தி ஆகியிருக்கும். நான் திரும்பி நடந்தபோது பின்னால் குரல் கொடுத்தார்.

"சார், வண்டிய நானே எடுத்துக்கிர்றேன். பாதி விலை தாரேன். உங்களுக்கும் நட்டம் வேணாம்."

அவர் அதை எடுத்து என்ன செய்வார் என்று கேட்க வேண்டியதில்லை. அதே முற்றம், அதே பக்கம் திருப்பி, அதே ஈரத்துணி. காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே எழுதுபவர் பொறுமையாகக் கேட்டார். "பழைய வண்டி. பாத்துத்தானே வாங்கினீங்க?" என்றார். அது சரியான கேள்வி. புகார் கொடுக்காமல் திரும்பி வந்தேன்.

இனிச் சொல்லப் போவதை இத்தனை ஆண்டுகளில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது. மைத்துனர் எனக்குச் சொல்லாமலே உசிலம்பட்டியிலிருந்து எடுத்து, மதுரையில் ஒரு பட்டறையில் மறுபடி ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் நட்டத்தைக் குறைக்க நினைத்தார், கெட்ட மனிதர் அல்ல. வண்டியின் பின்பக்கம் தெருவைப் பார்த்திருந்தது.

"எட்டுக்குப் பயப்படாத ஒரு ஆளப் பிடிச்சிருக்கேன் மாப்ள. படிச்ச பையன். இப்ப வந்துருவான்."

வந்தான். கூட்டுறவு வங்கியில் எழுத்தர், வைகாசியில் திருமணம். பெண் சோழவந்தானில் வேலை பார்க்கிறாளாம். இருபத்தைந்து வயதிருக்கும். சைக்கிளை நிறுத்தியதும் நேராகப் பலகையைத்தான் பார்த்தான், பார்த்துச் சிரித்தான்.

"எட்டுன்னு சொன்னாங்க. நான் அதெல்லாம் பாக்குற ஆளு இல்ல சார்."

"அதான் தம்பி, சாரும் பாக்க மாட்டாரு. பத்திரிகைல இருக்காரு. வீட்ல பொம்பளைக பயப்படுறாக, அம்புட்டுத்தேன்" என்றார் மைத்துனர்.

எனக்குப் பேச வாய் இருந்தது. உசிலம்பட்டி வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் போயிருந்தது, அவள் சம்பளமில்லாத விடுப்பில் இருந்தாள், வண்டிக்கு வாங்கிய கடன் அப்படியே இருந்தது. சுமார் ஒரு நிமிடம் நான் பேசவில்லை. அந்தப் பையன் டேங்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிடம் நானும் மேலூர்க்காரரும் ஒரே ஆள்தான்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது.

"தம்பி, சீட்டைத் தூக்கிப் பாருங்க."

"நீ உள்ள போம்மா" என்றார் அவள் அண்ணன்.

"ஏண்ணே? உக்காரப் போறவ ஒருத்தி இருக்காள்ல. அவளுக்காகவும் ஒரு ஆளு பேசணும்ல?"

அவள் அண்ணனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வலது கையால் சீட்டின் பூட்டைத் தட்டிவிட்டுத் தூக்கினாள். ஒரு கையால் தூக்கக் கஷ்டப்பட்டாள், ஆனால் யாரையும் உதவ விடவில்லை. "இந்த எடத்துல ரெண்டு தடவ ஒடிஞ்சிருக்கு. நான் விழுந்தது ரெண்டாவது. மொத தடவ யாரு விழுந்தான்னு யாருக்கும் தெரியாது."

பையன் குனிந்து பார்த்தான். பெயின்ட் இன்னும் சரியாகக் காயாததால் அவன் விரலில் ஒட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் எத்தனையோ பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு நிகராக எதையும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை நானும் அவளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். நான் தள்ளினேன், அவள் கூட நடந்தாள். பிரேமை மூன்றாக வெட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் கேட்காதவர் போல நின்றார்.

"நல்லா ஓடுற வண்டிய ஏன் சார்? நம்பர் சரியில்லையா?"

"நம்பருக்கு ஒண்ணும் இல்ல. வெட்டுங்க" என்றாள் அவள்.

தலையில் அடித்துக்கொண்டு வெட்டினார். ஒன்பது நிமிடம் ஆனது. எஞ்சினைத் தனியாக ஒருவர் எடுத்துக்கொண்டார். மீதி எடைக்குப் போனது. மைத்துனர் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எட்டு பணத்தையும் தின்றது, புத்தியையும் தின்றது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இப்போதும் பேசுகிறார்கள்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எட்டைக் கண்டு பயந்தவர்கள் மீது அல்ல. பயந்தவர்கள் குறைந்தபட்சம் திரும்பிப் போனார்கள், பிழைத்தார்கள். எட்டைக் காட்டி விற்றவர் மீது கோபம். அதைவிட அதிகமாக, எட்டை ஜெயித்துவிட்டால் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்று நினைத்த ஒருவன் மீது. உட்காரப் போகிறவள் கேட்ட கேள்விக்கு அவன் சிரித்தான். இன்று யாராவது என்னிடம் "எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், வேறு எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அவள் இடது முழங்கை முழுதாக நீளவில்லை. உசிலம்பட்டி வீட்டை விட்டுவிட்டோம். மதுரைக்கு மாற்றல் கிடைக்க அவளுக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.